சூடான் நாட்டார் கதைகளில் நீதியைக் கண்டெடுப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிப் பாடநூலில் கதை முடிந்ததும் ‘இக்கதையால் அறியும் நீதி’ என்று ஒரு வரி வரும். அதைப் படித்தே வளர்ந்தவர்கள் சூடான் நாட்டார் கதையைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்துக்குத்தான் முதலில் போவார்கள். அங்கே அந்த வரி இருக்காது. ஒருத்தி தப்பித்திருப்பாள், ஒருவன் ஏமாந்திருப்பான், கதைசொல்லி ஒரு வாய்பாட்டை, அதாவது மாறாத வழக்கு வாசகம் ஒன்றைச் சொல்லி முடித்திருப்பார். நீதி இல்லாத கதை என்று நினைத்துப் பலர் தாங்களாகவே ஒன்றை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். கதை கெடுவது அங்கேதான்.

யார் என்ன செய்தார், உடனே என்ன நடந்தது, எதைக் கதை கண்டிக்காமல் விட்டது என்ற வரிசையில்தான் இக்கதைகளின் நீதி இருக்கிறது. அதை எடுக்க ஒரு முறை உண்டு. வகுப்பில் சொல்ல விரும்பும் ஆசிரியர், மொழிபெயர்க்க விரும்புபவர், அண்டை வீட்டுச் சூடானியரிடம் கதை கேட்டுப் பதிவு செய்ய விரும்புபவர் என மூவருக்கும் அது உதவும். தேவையானவை ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, ஒரே கதையின் குறைந்தது இரண்டு வடிவங்கள். ஒரு கதைக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்குங்கள்.

முதல் படி: எந்தச் சூடான், யாருடைய கதை?

2011 ஜூலை 9 அன்று தென் சூடான் தனி நாடானது. அதற்கு முன் வெளிவந்த தொகுப்புகளில் ‘சூடான் கதைகள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டு நாடுகளின் கதைகளும் கலந்து கிடக்கும். டிங்கா, நுவேர், ஷில்லுக் மக்களின் கதைகள் தென் சூடானுக்கு உரியவை. மாடு அங்கே வாழ்க்கையின் மையம். அந்தக் கதைகளில் மணமகளுக்குக் கொடுக்கும் மாடுகளின் எண்ணிக்கை, மனித உருவில் வரும் சிங்கம் போன்றவை அடிக்கடி தலைகாட்டும்.

இன்றைய சூடானுக்குள்ளும் ஒரே மரபு இல்லை. நைல் கரையில் அரபு பேசும் ஜஅலிய்யீன், ருபாதாப் போன்ற இனக்குழுக்கள், வடக்கே நூபியர், செங்கடல் பக்கம் பேஜா மக்கள், மேற்கே தார்ஃபூரில் ஃபூர் மக்கள், தெற்குக் கொர்தோஃபானில் நூபா மலைவாசிகள் என்று ஒவ்வொருவருக்கும் தனிக் கதைகளும் தனிச் சொல்முறையும் உண்டு. நூபியர் கதைகளில் ஆற்றுக்கடியில் வாழும் மனிதர்கள் வருவார்கள். கிணற்றை நம்பி வாழும் மேய்ப்பர்களின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. நூபியர், நூபா என்ற இரண்டு பெயர்களும் புதியவர்களைக் குழப்பும். இருவரும் வெவ்வேறு மக்கள், வெவ்வேறு இடத்தவர்கள்.

ஆகவே நோட்டின் முதல் வரியில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: எந்த மக்கள், எந்த மொழியில் சொல்லப்பட்டது, யார் எப்போது எழுத்தில் பதிந்தார். 1918-இல் தொடங்கிய ‘சூடான் நோட்ஸ் அண்ட் ரெகார்ட்ஸ்’ ஆய்விதழில் வந்த கதை என்றால், பிரிட்டிஷ் ஆட்சிக்கால அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு எது விந்தையாகப் பட்டதோ அது நீளும். பாட்டும் வாய்பாடும் சுருங்கும். சூடான் அறிஞர்களே தொகுத்தவை வேறு மாதிரி இருக்கும். அப்துல்லா அத்தய்யிப் (1921–2003) சூடான் அரபுக் கதைகளைத் தொகுத்து எழுதினார். சய்யித் ஹாமித் ஹுரைஸ் ஜஅலிய்யீன் கதைகளில் ஆப்பிரிக்க, அரபு, இஸ்லாமியக் கூறுகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்தார். கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க, ஆசிய ஆய்வு நிறுவனம் 1972 முதல் நாட்டார் வழக்காற்றியலுக்குப் பெரிய களமாக இருந்துவந்தது. வாய்ப்பிருந்தால் இந்த வழியில் வந்த தொகுப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? டிங்கா கதையின் மாட்டு நீதியை நைல் கரை விவசாயிக்குப் பொருத்துவீர்கள். முதல் வரியிலேயே தவறு நுழைந்துவிடும்.

இரண்டாம் படி: கதையின் வகையைக் குறியுங்கள்

இனி இந்தக் கட்டுரை பெரும்பாலும் நைல் கரை அரபு மரபைப் பற்றியே பேசும். புதியவர்களுக்கு அதிகம் கிடைப்பது அதுதான்.

அங்கே மாயக் கதைக்கு ‘ஹுஜ்வா’ என்று பெயர், பன்மையில் ‘அஹாஜி’. சொல்பவர் பெரும்பாலும் பாட்டி. அங்கே பாட்டியை ‘ஹபூபா’ என்பார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து, ‘ஹோஷ்’ என்ற மதிலடைத்த முற்றத்தில், கயிற்றுக் கட்டில்களில் பிள்ளைகள் சாய்ந்தபின் கதை தொடங்கும். விடுகதைக்கு ‘குலூதிய்யா’ என்று தனிப்பெயர். விலங்குக் கதைகள் தனி வகை. ஞானியரைப் பற்றிய சிறு நிகழ்ச்சிகள் இன்னொரு வகை, இவற்றைப் பெரியவர்கள் பேச்சின் நடுவே எடுத்துச் சொல்வார்கள். சூஃபி ஷேக்குகளின் (இஸ்லாமிய ஞான மரபுக் குருக்களின்) அற்புதங்களை நடந்ததாகவே நம்பிச் சொல்வார்கள். வீரம், காதல் பற்றிய இனக்குழு மரபுக் கதைகளும் அப்படித்தான், அவற்றில் கவிதை கலந்திருக்கும்.

வகைக்கு வகை நீதி இருக்கும் இடம் மாறும். ஹுஜ்வாவில் அது கதைப்போக்கில் இருக்கும், ஞானி கதையில் கடைசிப் பேச்சில் இருக்கும். விலங்குக் கதையில் பெரும்பாலும் நீதியே இராது, எச்சரிக்கைதான் இருக்கும். இனக்குழு மரபுக் கதையில் நீதி விவாதத்துக்குரியது, கேட்டவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஷேக்கின் அற்புதத்தைக் குழந்தைக் கதையாக்கி ‘மந்திரவாதி’ என்று எழுதுவது பெரிய பிழை. நம்பிக்கையாளரின் மனத்தை அது புண்படுத்தும்.

மூன்றாம் படி: தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிடாதீர்கள்

ஹுஜ்வா ஒரு வாய்பாட்டில் தொடங்கும்: ‘ஹுஜ்ஜைத்தகும் மா புஜ்ஜைத்தகும், கைரன் ஜானா வ ஜாகும்.’ முன்பாதி ஓசைக்காக. பின்பாதி, நன்மை எங்களுக்கும் வரட்டும், உங்களுக்கும் வரட்டும் என்ற வாழ்த்து. முடிவில் ‘இன்ஹதரத் வ இன்பதரத், ஃபீ ஹிஜ்ர் அஸ்ஸகீர் ஃபீனா’ என்பார்கள். கதை முடிந்தது, அறுந்தது, நம்மில் சின்னவர் மடியில் விழுந்தது என்று பொருள். ஊருக்கு ஊர் இது சற்று மாறும்.

தொகுப்பாசிரியர்கள் பலர் இவற்றை வெட்டிவிடுவார்கள். மீட்டு எழுதுங்கள். இரண்டு வாய்பாடுகளுக்கும் இடையில் நடப்பதெல்லாம் வேறொரு உலகம் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால்தான் பாட்டியால் கொலையையும் ஆளைத் தின்னும் பூதத்தையும் கூசாமல் சொல்ல முடிகிறது. வாய்பாட்டை எடுத்துவிட்டால் கொடூரம் மட்டும் மிஞ்சும். பிறகு அதைச் ‘சரிசெய்ய’ ஒரு நீதி வரியைத் தேட வேண்டிவரும்.

நான்காம் படி: செயலையும் விளைவையும் இரண்டு பத்தியில் எழுதுங்கள்

உழைப்பு அதிகம் வேண்டிய படி இது. சூடானில் எல்லோருக்கும் தெரிந்த கதையை வைத்தே பழகலாம். ‘ஃபாத்திமா அஸ்ஸம்ஹா’, அழகி ஃபாத்திமா. பேச்சு வழக்கில் ஃபாத்னா என்பார்கள். அவளைப் பற்றிய கதைகளில் இரண்டு பரவலானவை.

முதல் கதையில் தோழிகள் அவள்மேல் பொறாமை கொள்கிறார்கள். ‘நபக்’ பறிக்கப் போகலாம் என்று கூட்டிப்போகிறார்கள். நபக் நம் இலந்தையின் நெருங்கிய உறவு, அதே முள், அதே சிறு பழம். அங்கே அவளை ஏமாற்றித் தனியே விட்டுவிடுகிறார்கள். ‘கூல்’ எனப்படும் ஆள்தின்னிப் பூதத்தின் கையில் சிக்குகிறாள். பிறகு மீட்பு.

இரண்டாம் கதை வேறு. அவள் அண்ணன் தண்ணீரில் ஒரு நீண்ட தலைமுடியைக் காண்கிறான். இந்த முடிக்கு உரியவளைத்தான் மணப்பேன் என்று சத்தியம் செய்கிறான். ஊரில் ஒவ்வொரு பெண்ணின் கூந்தலோடும் அளந்து பார்க்கிறார்கள். அது அவன் தங்கை ஃபாத்திமாவின் முடி. சத்தியத்தை அவன் திரும்பப் பெறவில்லை. ஃபாத்திமா தோழிகளோடு ஊரைவிட்டு ஓடுகிறாள். வழியில் ஒரு கிழவரைச் சந்திக்கிறாள். கிழவர்களின் தோலை எப்படி உரிப்பது என்று பேச்சுவாக்கில் கேட்கிறாள். உச்சந்தலையில் முள்ளைக் குத்தினால் போதும் என்று அவரே சொல்லிவிடுகிறார். அவள் அப்படியே செய்து அந்தத் தோலைப் போர்த்திக்கொள்கிறாள். கிழவன் வேடத்தில் வத் அந்நுமைர் என்ற இளைஞனிடம் வேலைக்குச் சேர்கிறாள். தனிமையில் குளிக்கும்போது தோலைக் கழற்றுவாள். அது தெரியவந்ததும் அவன் ‘கிழவனை’ ஸீஜா விளையாட அழைக்கிறான். தோற்றவர் தோலை வென்றவர் கிழிக்கலாம் என்பது பந்தயம். அவன் வெல்கிறான், தோலைக் கிழிக்கிறான், உள்ளே ஃபாத்திமா. திருமணத்தில் முடிகிறது.

ஸீஜா பற்றி ஒரு வார்த்தை. மண்ணில் ஐந்துக்கு ஐந்து குழி, ஆளுக்குப் பன்னிரண்டு காய், நடுக்குழி காலி. எதிராளியின் காயை இரண்டு பக்கமும் அடைத்தால் எடுத்துவிடலாம். இந்த விதி தெரிந்தால் காட்சி உயிர்பெறும். ஓடி ஒளிந்து வந்தவள் கடைசியில் இரண்டு பக்கமும் அடைபடுகிறாள். மொழிபெயர்ப்பில் இதைச் ‘சதுரங்கம்’ என்று மாற்றினால் அந்த அடைப்பு காணாமல் போய்விடும்.

இப்போது நோட்டை எடுங்கள். இடப்பக்கம் செயல், வலப்பக்கம் உடனடி விளைவு. இரண்டாம் கதைக்கு இப்படி வரும்: அண்ணன் தெரியாமல் சத்தியம் செய்கிறான், ஊரே அளக்கப்படுகிறது. முடி தங்கையுடையது என்று தெரிகிறது, யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஃபாத்திமா மறுத்து ஓடுகிறாள், தோழிகளும் உடன் வருகிறார்கள். கேள்வி கேட்டு ரகசியத்தை அறிகிறாள், அதைப் பயன்படுத்திப் பிழைக்கிறாள். தன்னை மறைக்கிறாள், பாதுகாப்பாக இருக்கிறாள். மறைப்பு கிழிகிறது, முறையான மணம் நடக்கிறது.

பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. போனால் வருணனையையும் சேர்த்து எழுதுகிறீர்கள் என்று பொருள்.

இரண்டாம் பேனாவால் மூன்று அடையாளங்கள் போடுங்கள். செய்தவர் நன்மை பெற்றால் ஒரு கோடு. தண்டனை பெற்றால் குறுக்குக் கோடு. செயல் தவறாகத் தெரிந்தும் கதை ஒன்றுமே சொல்லாமல் கடந்தால் ஒரு வட்டம். அதிகம் சொல்லித்தருவது வட்டம்தான். ‘யாரும் தடுக்கவில்லை’ என்ற இடத்தில் வட்டம் விழும். கிழவரின் மரணத்திலும் விழும். உங்கள் வடிவத்தில் அவர் யார் என்று பாருங்கள். ஆள்தின்னியா, வழிப்போக்கரா? ஆள்தின்னி என்றால் அது தற்காப்பு. வெறும் கிழவர் என்றால் கதை வேறு ஏதோ சொல்கிறது: வழியில் நிற்கும் பெண்ணுக்கு வேறு வழி இல்லை என்கிறது. அதைப் பூசி மெழுகாமல் நோட்டில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: நீதியை ஒரு வாக்கியமாக எழுதிச் சோதியுங்கள்

‘அழகு ஆபத்தானது.’ ‘பொறுமை வெல்லும்.’ ‘தீயவர் அழிவர்.’ முதல் முயற்சியில் இப்படித்தான் வரும். இவற்றை அடித்துவிடுங்கள். எந்தக் கதைக்கும் பொருந்துகிற வாக்கியம் இந்தக் கதையின் நீதி ஆகாது. யார், எந்த நிலையில், எதைச் செய்தால் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் ஃபாத்திமா கதைக்கு ஒரு முயற்சி: ‘உறவு முறையை மீறும் சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது. வீட்டார் வாய்மூடி நின்றால் பெண் தானே வெளியேறலாம்.’ முதல் கதைக்கு: ‘தோழிகளின் பொறாமையை உணராமல் அவர்களோடு ஊர் எல்லையைத் தாண்டாதே.’ ஒரே பெயருள்ள நாயகி, இரண்டு நீதிகள். இரண்டாம் கதையின் நீதி மகளுக்குத் துணிச்சல் தருகிறது, முதல் கதையின் நீதி எச்சரிக்கை தருகிறது. எந்த வடிவத்தைப் படித்தீர்கள் என்று குறிக்காமல் ‘ஃபாத்திமா கதையின் நீதி’ என்று பேசுவதில் பொருளே இல்லை.

நாட்டார் வழக்காற்றியலில் கதை வகை எண்கள் உண்டு. ஆர்னே, தாம்சன், ஊத்தர் ஆகிய மூவர் வழிவந்த அட்டவணையில் தகாத மணத்துக்கு அஞ்சி, மாறுவேடத்தில் ஓடும் பெண்ணின் கதை 510B. இரக்கமுள்ள பெண்ணும் இரக்கமற்ற பெண்ணும் என்ற கதை 480. கிழவியிடம் பணிவோடு நடந்தவள் பரிசு பெறுவாள், முகம் சுளித்தவள் தண்டனை பெறுவாள். சூடானிலும் ஆப்பிரிக்கா முழுக்கவும் இது உண்டு. ஒப்பிட எண்ணைப் பயன்படுத்துங்கள். ஆனால் எண் பொருந்துகிறது என்பதற்காக ஐரோப்பிய வடிவத்தின் நீதியைத் தூக்கி வந்து வைக்காதீர்கள். நீதி மாறுவது வேறுபாடுகளில்தான்: ஃபாத்திமாவைத் துரத்துபவன் அண்ணன், அவளுக்குத் துணை தோழிகள், அவளை வெளிக்கொணர்வது ஒரு மண்குழி ஆட்டம்.

நீதியைச் சூடானியர் எந்தச் சொல்லால் குறிப்பார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ‘ஐப்’ என்றால் ஊர் முன்னால் வெட்கக்கேடு, பிள்ளைகளை அதட்டும்போது அடிக்கடி வரும். ‘கரம்’ விருந்தோம்பல். ‘ஸப்ர்’ பொறுமை. ‘அமானா’ ஒப்படைக்கப்பட்டதைக் காப்பது. கூல் உணவு கொடுத்து விருந்தாளியையே தின்கிறது. கரம் என்ற மதிப்பு தெரிந்தால்தான் அதன் கொடுமை முழுதும் புரியும். அது வெறும் அரக்கன் இல்லை, விருந்தோம்பலைத் தலைகீழாக்கியது.

ஆறாம் படி: விலங்குக் கதையில் வென்றவரைப் போற்றாதீர்கள்

சூடான் பேச்சில் கழுதைப்புலி ‘மர்ஃபஈன்’, நரி ‘அபுல் ஹுஸைன்’. கழுதைப்புலி பேராசையும் மந்த புத்தியும் கொண்டது. நரி சூழ்ச்சிக்காரன். இரவில் கழுதைப்புலியாக மாறும் மனிதன் ‘ஸஹ்ஹார்’, அவன் பேய்க்கதைப் பாத்திரம். இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்று சிரிக்க வைக்கும், மற்றது நடுங்க வைக்கும்.

அரபு உலகெங்கும் சூடானிலும் சொல்லப்படும் கதை ஒன்று: சிங்கமும் கழுதைப்புலியும் நரியும் சேர்ந்து வேட்டையாடின. பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று இரை. பங்கு போடு என்றது சிங்கம். பெரியது உங்களுக்கு, நடுத்தரம் எனக்கு, சிறியது நரிக்கு என்றது கழுதைப்புலி. ஓர் அறையில் அதன் தலை தெறித்தது. அடுத்து நரியின் முறை. சிறியது உங்கள் காலை உணவு, பெரியது மதியம், நடுத்தரம் இரவு என்றது. இவ்வளவு நீதியாகப் பங்கிட யார் கற்றுக்கொடுத்தார் என்று சிங்கம் கேட்க, அதோ கிடக்கிறதே அந்தத் தலை என்றது நரி.

இதற்கு ‘பகிர்ந்து உண்க’ என்று நீதி எழுதியவர்கள் இருக்கிறார்கள். கதையில் பகிர்ந்தவன் செத்தான்! நான்காம் படியில் சொன்ன வட்டத்தை இங்கே போடுங்கள். சிங்கத்தைக் கதை கண்டிக்கவே இல்லை, ஆனால் ‘நீதியாக’ என்ற சொல்லைச் சிங்கத்தின் வாயிலேயே வைக்கிறது. கேட்பவர் அந்த இடத்தில் சிரித்தால் நீதி சேர்ந்துவிட்டது: அதிகாரத்தின் முன் எது நீதி எனப்படும் என்று தெரிந்துகொள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது எட்டாது. பத்து வயதுக்கு மேல் சொல்லுங்கள்.

ஏழாம் படி: ஞானியின் கதையில் கடைசிப் பேச்சைக் காப்பாற்றுங்கள்

ஃபுன்ஜ் சுல்தானகம் (1504–1821) ஆண்ட காலத்தவர் என்று சொல்லப்படும் ஷேக் ஃபரஹ் வத் தக்தூக், சூடானின் தனிப்பெரும் ஞானி. சிக்கலை அவிழ்ப்பவர் என்று பட்டம். அவர் பெயரால் வழங்கும் இரண்டு நிகழ்ச்சிகள் புதியவர்களுக்கு நல்ல பயிற்சி.

கந்தல் உடையில் விருந்துக்குப் போனார், உள்ளே விடவில்லை. நல்ல உடை உடுத்தி வந்தார், வரவேற்று உட்காரவைத்தார்கள். அவர் சட்டைக் கையைத் தட்டில் தோய்த்து, ‘என் வாய்க்கு முன்னால் நீ சாப்பிடு, என் சட்டைக்கையே’ என்றார். முல்லா நஸ்ருத்தீன், அரபு நகைச்சுவைக் கதைகளின் நாயகன் ஜுஹா ஆகியோர் பெயரிலும் இதே கதை உலவுகிறது. யாருடையது என்ற வழக்கில் இறங்க வேண்டாம். சூடானியர் இதை ஃபரஹ் கதையாகவே சொல்கிறார்கள், அதுவே போதும்.

இன்னொன்று: ஒட்டகத்துக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க அமீரிடம் (ஆட்சியாளரிடம்) ஒப்புக்கொண்டார். ஏழு ஆண்டு தவணை கேட்டார். முடியுமா என்று கேட்டவர்களிடம், ‘ஏழு ஆண்டில் ஒட்டகம் போகும், இல்லை அமீர் போவார், இல்லை இந்த ஃபகீர் போவான்’ என்றார். மூலத்தில் பஈர் (ஒட்டகம்), அமீர், ஃபகீர் (எளியவன்) என மூன்று சொற்களும் ஒரே ஓசையில் முடியும். தமிழிலும் அந்த அடுக்கு வரும்படி எழுதுங்கள். அடுக்கு போனால் வெறும் தகவல்தான் மிஞ்சும். பேச்சுக்குப் பின் விளக்கம் சேர்க்காதீர்கள். இந்த வகையில் கடைசிப் பேச்சே நீதி.

பழமொழியும் இப்படித்தான். ‘தடுக்கி விழுவது நடையைத் திருத்தும்’ என்பது சூடான் வழக்கு. ‘ஓடியவற்றை விடு, நிற்பவற்றை மடக்கு’ என்பது மேய்ப்பர் வழக்கு. எல்லாக் கதைகளின் முடிவிலும் பழமொழியை ஒட்டாதீர்கள்.

மரபுக் கதைகளில் ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் குறிப்பிட வேண்டும். கிழக்குச் சூடானின் ஹும்ரான் மக்களிடையே வழங்கும் தாஜூஜ், முஹல்லக் காதல் கதை. மனைவி தாஜூஜ் ஆடையின்றித் தன் முன் நடக்க வேண்டும் என்று முஹல்லக் அவளை வற்புறுத்துகிறான். நான் கேட்பதைத் தருவாயா என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் இணங்குகிறாள். பிறகு கேட்டது மணவிலக்கு. கொடுத்தான், பித்தனானான், கவிதை பாடித் திரிந்தான். பெரியவர்களுக்கான கதை இது. யார் பக்கம் நியாயம் என்பதில் கேட்பவர்கள் ஒத்துப்போவதில்லை. நீங்களும் தீர்ப்பு எழுதாமல், இரண்டு பக்கத்தையும் நோட்டில் வையுங்கள்.

எட்டாம் படி: தமிழில் திரும்பச் சொல்வது

பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், பத்துப் பதினைந்து பிள்ளைகள். இதற்குமேல் போனால் பின்வரிசை கலையும். தொடக்க வாய்பாட்டை அரபியிலேயே இருமுறை சொல்லிப் பிள்ளைகளையும் சொல்லவைத்துத் தொடங்குங்கள். கதை நடுவே வரும் பாட்டை உரைநடையாக்காதீர்கள். பாத்திரங்கள் கூப்பிட்டுப் பாடும் இடங்கள் அஹாஜியில் பல. ஒரே இரண்டடியை எளிய மெட்டில் மூன்று நான்கு முறை திருப்பினால் மூன்றாம் முறை பிள்ளைகளே சேர்ந்துகொள்வார்கள். முடிவு வாய்பாட்டில் ‘சின்னவர் மடியில்’ என்னும்போது அங்கே இருப்பவர்களில் இளையவரைப் பாருங்கள்.

உணவையும் பொருளையும் உள்ளூராக்காதீர்கள். கிஸ்ரா என்பது சோளமாவைப் புளிக்கவைத்துக் கல்லில் மெல்லிசாகச் சுட்டெடுப்பது. பிள்ளைகளுக்குத் தோசை மாதிரி என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு கிஸ்ரா என்றே தொடருங்கள். அரிசிச் சோறாக்கினால் சோளம் விளையும் அந்த நிலமே கதையைவிட்டுப் போய்விடும். ஹபூபாவைப் பாட்டி என்று சொல்லலாம், அதில் எதுவும் கெடாது.

பெரும்பாலும் தவறுவது கதை முடிந்த அடுத்த நொடியில். ‘சரி, இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?’ என்று கேட்டதும் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். அதற்குப் பதில், வட்டம் போட்ட இடத்தைக் கேளுங்கள். ‘அண்ணன் சத்தியம் செய்தபோது வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்திருக்கலாம்?’ இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும், சிலர் அம்மாவிடம் கோபப்படுவார்கள். அந்தப் பேச்சை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், முடித்துவைக்காதீர்கள். கிழவரின் தோலை உரித்ததைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல், ஃபாத்திமா ஏன் அப்படிச் செய்தாள் என்று அவர்களையே கேளுங்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் கதையைச் சொல்லுங்கள், இரண்டாவது வேண்டாம்.

ஒன்பதாம் படி: சூடானியரிடம் கேட்டுப் பதிவது

2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய போரால் லட்சக்கணக்கான குடும்பங்கள் நாட்டுக்குள்ளும் வெளியிலும் சிதறிவிட்டன. பாட்டி ஓர் ஊரில், பேரப்பிள்ளைகள் வேறு நாட்டில். முற்றத்தில் கதை சொல்லும் வழக்கம் அங்கேயே அறுகிறது. அதனால் பதிவு செய்வது இன்று அவசரமான வேலை. ‘சூடான் மெமரி’ என்ற எண்மக் காப்பகம் போன்ற முயற்சிகள் புகைப்படம், ஆவணம், ஒலி எனச் சேர்த்துவருகின்றன. ஒரு தனிமனிதரும் நன்றாகவே செய்யலாம்.

முதலில் அனுமதி. எதற்காகப் பதிகிறீர்கள், யார் கேட்பார்கள், பெயர் வரலாமா வேண்டாமா என்று சொல்லி, சம்மதத்தையும் ஒலியிலேயே பதியுங்கள். ஊரைவிட்டு வந்தவர்களிடம் ‘உங்கள் வீட்டு முற்றம் எப்படி இருந்தது’ என்று தொடங்காதீர்கள், அழுகையில்தான் முடியும். ‘சின்ன வயதில் உங்களுக்கு யார் கதை சொல்வார்?’ என்று தொடங்கலாம். வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை உடன் உட்காரவையுங்கள். மைக்கைப் பார்த்துச் சொல்லும் பாட்டி கதையைச் சுருக்கிவிடுவார், பாட்டை விட்டுவிடுவார். பேரப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் முழுசாகச் சொல்வார்.

கைபேசி போதும், ஆனால் வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம், சுருக்கத்தில் ஒலி கெடும். சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். இரட்டைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். கைபேசியை விமானப் பயன்முறையில் (ஏரோபிளேன் மோட்) வைத்து, பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள், துணி விரித்த பரப்பில் வையுங்கள். மின்விசிறி ஓடினால் பாட்டு வரிகள் பின்னால் கேட்காது.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகும், வட்டார அரபு என்றால் அதற்கும் மேலே. வாக்கியத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். யாராவது சிரித்தால் அதையும் குறியுங்கள். நீதி எங்கே விழுந்தது என்பதற்கு அந்தச் சிரிப்பு பல நேரம் நல்ல சாட்சி. கதைசொல்லி இடையில் நிறுத்திப் பிள்ளையைப் பார்த்து ஏதாவது சொன்னால் அடிக்கோடிடுங்கள். நீங்கள் இரண்டு பத்தியில் தேடியதை அவரே சொல்லிக்கொண்டிருப்பார்.

கோப்புப் பெயரில் நாள், ஊர், மொழி, கதையின் பெயர் நான்கும் இருக்கட்டும். மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி வட்டில், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். இவை தவிர இன்னொரு பிரதியைக் கதை சொன்னவர் குடும்பத்துக்கு, எழுத்து வடிவத்தோடு சேர்த்து, வெளியிடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அவர்கள் ஒரு பகுதியை நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குங்கள்.